எரிக்சன் ஆறே நாளில் வீட்டுக்குப் போனார், எங்கள் சித்தப்பா ஏன் இன்னும் கண் திறக்கவில்லை?

நீங்கள் கேட்டிருப்பது இது. 54 வயது சித்தப்பா வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். வலிப்பு என்று நினைத்துக் கையில் சாவிக்கொத்தைக் கொடுத்திருக்கிறார்கள். பிறகு காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போயிருக்கிறீர்கள். பக்கத்து வீட்டுப் பையன் பின்சீட்டில் நெஞ்சை அழுத்திக்கொண்டே வந்தான். மருத்துவமனையில் துடிப்பு திரும்பியது, ஆனால் நான்கு நாளாக வென்டிலேட்டரில் நினைவில்லாமல் இருக்கிறார். டென்மார்க் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சனுக்கும் இதேதானே நடந்தது, அவர் மட்டும் எப்படி ஒரு வாரத்துக்குள் வீடு திரும்பினார், விளையாட்டு வீரர் என்பதாலா, பணக்கார நாடு என்பதாலா, சித்தப்பா பழையபடி வருவாரா?

நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிறவன். சித்தப்பாவைப் பார்க்காமல் அவர் எப்படி வருவார் என்று சொல்ல முடியாது, சொல்கிறவர்களை நம்பவும் வேண்டாம். ஆனால் இரண்டு விஷயம் உறுதியாகச் சொல்லலாம். இருவருக்கும் உள்ள வித்தியாசத்தில் உடற்பயிற்சிக்கும் பணத்துக்கும் பங்கு குறைவு, முதல் சில நிமிடங்களுக்குத்தான் பங்கு அதிகம். அப்புறம், நினைவு வராத நான்காம் நாள் என்பது தீர்ப்பு எழுதும் நாள் இல்லை.

வீட்டில் அன்று நடந்ததற்கு யாரும் யாரையும் குறை சொல்லிக்கொள்ள வேண்டாம். இதயம் நின்ற முதல் சில நொடிகளில் மூளைக்கு ரத்தம் போகாததால் கை கால் வெட்டி இழுக்கும், கண் மேலே செருகும். பார்ப்பவருக்கு அது அசல் வலிப்புதான். அவசர எண்ணில் போனை எடுக்கும் பயிற்சி பெற்றவர்களே இதில் ஏமாந்துபோவது உண்டு. அந்தப் பையன் காரில் அழுத்தியது முழுசாகப் பலன் தரும் முறை இல்லை, ஆனால் எதுவும் செய்யாமல் இருந்ததைவிட எவ்வளவோ மேல். அவனிடம் இதைச் சொல்லுங்கள்.

எரிக்சன் விஷயத்துக்கு வருகிறேன். 2021 ஜூன் 12, கோபன்ஹேகனில் பார்க்கன் மைதானம், டென்மார்க்கும் பின்லாந்தும் ஆடுகின்றன. முதல் பாதி முடியப் போகிற நேரத்தில், யாரும் இடிக்காமலே, ஓடிவந்தவர் அப்படியே விழுந்தார். கேப்டன் சிமோன் கேர் ஓடிவந்து பார்த்தார், நடுவர் உடனே மருத்துவக் குழுவை உள்ளே அழைத்தார். அணி மருத்துவர் மார்ட்டன் போசன் பிறகு சொன்னதில் முக்கியமான ஒன்று இருக்கிறது: முதலில் அவருக்கு மூச்சும் நாடியும் இருந்தன, கொஞ்ச நேரத்தில் எல்லாம் மாறிவிட்டது. உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்கினார்கள், ஒரே ஒரு ஷாக் கொடுத்தார்கள், துடிப்பு திரும்பியது. மைதானத்தை விட்டுக் கொண்டுபோகும்போதே அவருக்கு நினைவு வந்துவிட்டது. ஜூன் 18 அன்று வீட்டுக்குப் போய்விட்டார்.

மாரடைப்பு என்று நாம் பொதுவாகச் சொல்வது இதயத்தின் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்வது. அதில் ஆள் பேசுவார், வியர்க்கும், வலிக்கும். எரிக்சனுக்கும் சித்தப்பாவுக்கும் நடந்தது இதயமே நின்றுபோவது, அது வேறு. இங்கே இதயத்தின் மின்னோட்டம் தாறுமாறாகி, தசை துடிப்பதற்குப் பதில் வெறுமனே அதிர்ந்துகொண்டு இருக்கும், ரத்தம் வெளியே போகாது. மாரடைப்பு இதற்குக் காரணமாகலாம். உங்கள் சித்தப்பா வயதில் பெரும்பாலும் அதுதான் காரணம். பத்துப் பதினைந்து நொடியில் நினைவு போய்விடும். நான்கைந்து நிமிடத்தில் மூளைச் செல்கள் சேதமாகத் தொடங்கும். அந்த அதிர்வும் நிலையாக இருக்காது. இதயத்தில் மிச்சமிருக்கும் சக்தி தீரத் தீர அது மங்கி, கடைசியில் மானிட்டரில் நேர்கோடாகிவிடும். ஷாக் அந்த அதிர்வைத்தான் நிறுத்தும். நேர்கோட்டில் ஷாக் கொடுத்துப் பயனில்லை, சினிமாவில் கொடுப்பார்கள், அது வேறு.

இதில்தான் நெஞ்சை அழுத்துவதன் அர்த்தம் இருக்கிறது. அழுத்துவது பெரும்பாலும் இதயத்தை மறுபடி ஓட வைக்காது. வழக்கமான ரத்த ஓட்டத்தில் கால்பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை கையால் ஓட்டிக்கொண்டிருப்பதுதான் அது. அந்தக் கால்பங்கு மூளையைப் பிடித்துவைக்கிறது, அதிர்வு மங்காமல் ஷாக்குக்குத் தயாராகவும் வைத்திருக்கிறது. ஒன்றுமே செய்யாமல் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் 7 முதல் 10 சதவீதம் குறைகிறது என்பது பல ஆண்டுகளாகச் சொல்லப்படும் கணக்கு. யாராவது அழுத்திக்கொண்டிருந்தால் அந்தச் சரிவு 3, 4 சதவீதமாகிறது.

விளையாட்டு வீரர் என்பதாலா என்ற கேள்விக்கு எனக்குப் பிடித்த பதில் லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதிகள். அங்கே காவலாளிகளுக்கு ஏஇடி என்னும் ஷாக் கருவியைக் கொடுத்துப் பழக்கினார்கள். அதன் முடிவு 2000-ல் வெளிவந்தது. விழுந்த மூன்று நிமிடத்துக்குள் முதல் ஷாக் கிடைத்தவர்களில் 74 சதவீதம் பேர் பிழைத்து வீட்டுக்குப் போனார்கள். மூன்று நிமிடத்தைத் தாண்டியவர்களில் 49 சதவீதம். சூதாட வருகிறவர்கள் யாரும் தடகள வீரர்கள் இல்லை, வயதானவர்களே அதிகம். ஆனால் கூரை முழுக்க கேமரா, எப்போதும் யாரோ பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள், விழுந்தால் அந்த நொடியே தெரிந்துவிடும். எரிக்சனுக்கும் நடந்தது அதுதான்.

இன்னொரு கால்பந்து வீரர், போல்டன் அணியின் ஃபேப்ரிஸ் முவாம்பா, 2012 மார்ச் 17 அன்று லண்டனில் ஆட்டத்தின் நடுவே விழுந்தார். வயது 23. அவர் இதயம் தானாக ஓடாமல் கிடந்தது 78 நிமிடம். பல ஷாக் கொடுத்தும் கேட்கவில்லை. பார்வையாளராக வந்திருந்த இதய மருத்துவர் ஆண்ட்ரூ டீனர் மைதானத்துக்குள் இறங்கி உதவினார், அழுத்துவதை மருத்துவமனை வரை தொடர்ந்தார்கள். அவர் நல்ல நினைவோடு எழுந்தார். 78 நிமிடம் என்ற எண்ணைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. யாரும் தொடாமல் கிடந்த நேரம் வேறு, அழுத்திக்கொண்டிருந்த நேரம் வேறு. முவாம்பாவுக்கு முதல் வகை நேரம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. சித்தப்பாவின் மருத்துவர்கள் உங்களிடம் "எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டிருந்தால், இந்த இரண்டையும் பிரித்துத் தெரிந்துகொள்ளத்தான். ஞாபகம் உள்ளவரை சரியாகச் சொல்லுங்கள், கூட்டியோ குறைத்தோ சொல்ல வேண்டாம்.

பணக்கார நாடு என்பதாலா? டென்மார்க் 2001-லும் பணக்கார நாடுதான். அந்த ஆண்டு அங்கே மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களில், பக்கத்தில் இருந்தவர்கள் நெஞ்சை அழுத்தியது ஐந்தில் ஒருவருக்குத்தான். முப்பது நாளுக்குப் பிறகு உயிரோடு இருந்தவர்கள் 3.5 சதவீதம். அப்புறம் அவர்கள் செய்தவை எல்லாமே சாதாரண வேலைகள். 2005-ல் நெஞ்சை அழுத்தும் பயிற்சியைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டாயமாக்கினார்கள். 2006 முதல் டிரைவிங் லைசென்ஸ் வேண்டுமென்றால் முதலுதவிப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். அவசர எண் 112-ல் மருத்துவப் பயிற்சி உள்ளவர்களை உட்கார வைத்து, போனிலேயே "இப்போது அழுத்துங்கள்" என்று சொல்லிக்கொடுக்க வைத்தார்கள். ஏஇடி எந்தத் தெருவில் இருக்கிறது என்று பட்டியல் போட்டார்கள். 2010-ல் அழுத்தப்பட்டவர்கள் 45 சதவீதத்தை எட்டினார்கள், பிழைத்தவர்கள் 10.8 சதவீதம். அதற்குப் பிறகு இரண்டுமே இன்னும் ஏறியிருக்கின்றன. 2017-லிருந்து கோபன்ஹேகன் பகுதியில் ஒரு ஆப் வழியாகத் தன்னார்வலர்களைப் பக்கத்து வீட்டுக்கே அனுப்புகிறார்கள்.

என்னைக் கேட்டால் இதில் கெட்டிக்காரத்தனமான யோசனை லைசென்ஸ்தான். பிரச்சாரம் செய்தால் ஆர்வமுள்ளவன் மட்டும் வருவான். லைசென்ஸ் வேண்டும் என்றால் எல்லோரும் வந்தாக வேண்டும். இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, பெரும்பாலானவர்கள் விழுவது மைதானத்தில் இல்லை, வீட்டில். கூடத்தில், குளியலறையில், படுக்கையில். அழுத்தப் போவது மனைவி, மகள், மாடி வீட்டுக்காரர். மைதானத்துக்கு டாக்டர் வைப்பது எந்த நாட்டுக்கும் எளிது. கூடத்தில் விழுந்தவருக்கு எரிக்சனுக்குக் கிடைத்ததில் பாதியாவது கிடைக்கும்படி செய்ததுதான் டென்மார்க்கின் வேலை. அப்படிச் செய்தும் 2010-ல் பிழைத்தது பத்தில் ஒருவர் என்பதையும் மறக்க வேண்டாம். டிவியில் வரும் எரிக்சன்களை மட்டும் பார்த்தால் எல்லோரும் எழுந்துவிடுவார்கள் என்று தோன்றும்.

உங்கள் வீட்டில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதால், செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தட்டிக் கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சும் சாதாரணமாக இல்லை என்றால் இதயம் நின்றுவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். விட்டுவிட்டு, குறட்டை மாதிரி, மீன் வாய் திறப்பது போல் வரும் இழுப்பை மூச்சு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இதயம் நின்றவர் பலருக்கும் முதல் நிமிடங்களில் அது வரும், "மூச்சு இருக்கிறதே" என்று எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது அதனால்தான். நாடி தேட வேண்டாம், பதற்றத்தில் நம் நாடியே நமக்குத் தெரியும். போனை ஸ்பீக்கரில் போட்டு 108, இலங்கையில் என்றால் 1990. கட்டிலிலோ சோபாவிலோ இருந்தால் தரையில் இறக்குங்கள். நெஞ்சின் நட்டநடுவில் இரண்டு கையையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து, முழங்கை மடங்காமல், 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு அழுத்தலுக்கும் நெஞ்சு முழுசாக மேலே வர விடுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றுங்கள், அதற்குள் கை தளர்ந்துவிடும்.

இடையில் நிறுத்தக் கூடாது என்பதற்கு அடிபம்பு நல்ல உதாரணம். அடிப்பதை நிறுத்தினால் தண்ணீர் கீழே இறங்கிவிடும், மறுபடி நாலைந்து அடி வெறுமனே அடித்த பிறகுதான் வாயில் வரும். ரத்த அழுத்தமும் அப்படித்தான், நிறுத்தி நிறுத்தி அழுத்தினால் அது ஏறவே ஏறாது. காரில் தூக்கிக்கொண்டு ஓடுவதில் உள்ள சிக்கல் இதுவே. தூக்க, படியிறங்க, கதவைத் திறக்க என்று போகும் நிமிடங்களில் அழுத்தம் இல்லை. மெத்தென்ற சீட்டில் ஆழமும் கிடைக்காது. ஆம்புலன்ஸ் வரவே வராத ஊர் என்றால் வேறு வழியில்லை, மற்றபடி தரையில் வைத்து அழுத்திக்கொண்டிருப்பதே மேல்.

விலா எலும்பு உடையும் சத்தம் கேட்கலாம். உடைந்தால் உடையட்டும், அது ஒட்டிக்கொள்ளும். வாயோடு வாய் வைத்து ஊதத் தயக்கம் இருந்தால் பெரியவர்களுக்கு அழுத்துவது மட்டும் போதும். குழந்தை என்றாலோ தண்ணீரில் மூழ்கியவர் என்றாலோ ஊதவும் வேண்டும், அங்கே பிரச்சனையே மூச்சில்தான் ஆரம்பிக்கிறது. முகத்தில் சோடா அடிப்பது, வாயில் தண்ணீர் ஊற்றுவது, சாவிக்கொத்து இவையெல்லாம் நேரத்தைத் தின்னும். தண்ணீர் நுரையீரலுக்கும் போகும். அதோடு, தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால் இருமிக்கொண்டே இருங்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒன்று இருக்கிறது. அதைப் பொதுமக்களுக்கு எந்த இதய மருத்துவ அமைப்பும் பரிந்துரைப்பதில்லை. இதயம் நின்றவருக்கு இரும நினைவே இருக்காது.

சரி, சித்தப்பாவுக்கு இப்போது என்ன நடக்கிறது? துடிப்பு திரும்பியதும் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறோம். இதயத்தை ஓட வைப்பதும் மூளையை மீட்பதும் ஒன்றல்ல. பிரிட்டனில் இதயம் நின்ற சுமார் 8,000 பேரை வைத்து நடந்த ஆய்வு 2018-ல் வெளிவந்தது, பாதிப் பேருக்கு இதயத்தைத் தூண்டும் அட்ரினலின் ஊசி, மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர். அட்ரினலின் போட்டவர்களில் கொஞ்சம் அதிகம் பேர் முப்பது நாள் உயிரோடு இருந்தார்கள், ஆனால் நல்ல மூளைச் செயல்பாட்டோடு வீடு திரும்பியவர்கள் எண்ணிக்கையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

"ஏன் உடம்பைக் குளிர வைக்கவில்லை?" என்று இணையத்தில் படித்துவிட்டுப் பல குடும்பங்கள் டாக்டர்களிடம் சண்டை போடுகின்றன. 2002-ல் வந்த இரண்டு ஆய்வுகளுக்குப் பிறகு உடம்பை 33 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர வைப்பது வழக்கமாயிற்று, உண்மைதான். ஆனால் எரிக்சன் விழுந்த அதே 2021 ஜூனில் வெளிவந்த பெரிய ஆய்வில், 33 டிகிரிக்கும் காய்ச்சல் வராமல் மட்டும் பார்த்துக்கொள்வதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. இப்போது காய்ச்சல் வராமல் தடுப்பதில்தான் கவனம். சித்தப்பாவுக்கு ஐஸ் வைக்கவில்லை என்பது அலட்சியம் இல்லை.

நினைவு திரும்புமா என்பதை மருத்துவர்கள் குறைந்தது 72 மணி நேரம் கழித்துத்தான் மதிப்பிடத் தொடங்குவார்கள், அதுவும் தூக்க மருந்து உடம்பை விட்டு இறங்கிய பிறகு. சிறுநீரகமோ கல்லீரலோ சரியாக வேலை செய்யாவிட்டால் அந்த மருந்து இறங்க இன்னும் நாளாகும். அதனால் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எப்போது எழுவார்?" என்பது இல்லை. தூக்க மருந்தை எப்போது நிறுத்தினீர்கள் என்று கேளுங்கள். பிறகு, டார்ச் அடித்தால் இரண்டு கண்மணியும் சுருங்குகின்றனவா, இஇஜி என்னும் மூளை மின்னலைச் சோதனை எடுத்தார்களா, அதில் மறைந்திருக்கும் வலிப்பு இருக்கிறதா, சிடி அல்லது எம்ஆர்ஐ என்ன காட்டுகிறது, இதையெல்லாம் கேளுங்கள். சில இடங்களில் கையில் லேசான மின்தூண்டல் கொடுத்து அது மூளையின் மேற்பகுதி வரை போகிறதா என்றும் பார்ப்பார்கள். இதில் ஒன்றை மட்டும் வைத்து முடிவு சொல்லக் கூடாது. இரண்டு மூன்று சோதனைகள் ஒரே திசையில் காட்ட வேண்டும். கண் தானாகத் திறப்பதை வைத்தும் முடிவுக்கு வர வேண்டாம். கண் திறந்திருந்தும் உணர்வு இல்லாத நிலை உண்டு. சொன்னதைக் கேட்டுக் கையைப் பிடிக்கிறாரா, பார்வை உங்களைத் தொடர்கிறதா என்பதே நல்ல அறிகுறி. எழுகிறவர்களில் பெரும்பாலானோர் முதல் ஒரு வாரத்துக்குள் எழுவார்கள், சிலர் அதற்கும் மேல் எடுத்துக்கொள்வார்கள். எல்லாச் சோதனையும் மோசமான திசையில் காட்டினால் மருத்துவர்கள் அதைச் சொல்வார்கள், அதையும் உட்கார்ந்து கேட்கத் தயாராக இருங்கள்.

எழுந்தார் என்றால் அடுத்த கட்டம் தொடங்கும், யாரும் முன்கூட்டிச் சொல்லாத கட்டம் அது. முதல் நாட்களில் "நான் ஏன் இங்கே இருக்கிறேன்?" என்று ஒரே கேள்வியை இருபது தடவை கேட்பார். விழுந்த நாளும் அதற்கு முந்தைய நாட்களும் ஞாபகம் வராமலே போகலாம். நெஞ்செலும்பு வாரக்கணக்கில் வலிக்கும். வீட்டுக்கு வந்த பிறகு ஆள் பார்க்க நன்றாகத்தான் இருப்பார், ஆனால் சட்டென்று களைத்துவிடுவார், பேர் மறக்கும், இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் எரிச்சல் வரும். பிழைத்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஞாபகம், கவனம் சார்ந்த ஏதோ ஒரு குறை இருக்கும், பெரும்பாலும் லேசானது. சோம்பேறித்தனம் என்றோ வீம்பு என்றோ நினைக்க வேண்டாம். மனச்சோர்வும் பயமும் சேர்ந்தே வரும். ஐரோப்பிய வழிகாட்டுதல் வீட்டுக்கு அனுப்பும் முன் ஒருமுறையும், மூன்று மாதத்துக்குள் மறுபடியும் இவற்றைச் சோதிக்கச் சொல்கிறது. நம் பக்கம் எக்கோ எடுத்து மாத்திரை எழுதுவதோடு முடித்துவிடுகிறார்கள். ஞாபகம், தூக்கம், மனநிலை பற்றி நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்.

வேலைக்குத் திரும்புவது பற்றியும் டென்மார்க்கில் கணக்கு எடுத்திருக்கிறார்கள். முன்பு வேலையில் இருந்து, பிழைத்தவர்களில் நான்கில் மூன்று பேர் திரும்பியிருக்கிறார்கள், சராசரியாக நான்கு மாதத்தில். எரிக்சனுக்கே எட்டு மாதம் ஆயிற்று. அவருக்கு ஐசிடி என்னும் கருவியைப் பொருத்தினார்கள், பேஸ்மேக்கர் மாதிரி உள்ளேயே இருந்து, தாறுமாறான துடிப்பு வந்தால் தானாகவே ஷாக் கொடுப்பது. இத்தாலிய விதிப்படி அதோடு அங்கே ஆட முடியாது, அதனால் இன்டர் மிலான் ஒப்பந்தம் முடிந்தது. 2022 பிப்ரவரியில் இங்கிலாந்தின் பிரென்ட்ஃபோர்ட் அணிக்கு இறங்கினார், 2024 ஐரோப்பியக் கோப்பையில் ஸ்லோவேனியாவுக்கு எதிராக கோலும் அடித்தார். முவாம்பா நலமாக இருந்தும் அதே ஆண்டே ஆட்டத்தை விட்டுவிட்டார்.

சித்தப்பாவுக்கும் ஐசிடி வேண்டுமா என்பது காரணத்தைப் பொறுத்தது. ரத்தக்குழாய் அடைப்புதான் காரணம், ஸ்டென்ட் வைத்துச் சரிசெய்துவிட்டார்கள், இதயத்தின் பம்ப் சக்தியும் நன்றாக இருக்கிறது என்றால் பெரும்பாலும் தேவைப்படாது. ஆஞ்சியோகிராமில் அடைப்பே இல்லை என்றால் கேள்வி பெரிதாகிறது. பரம்பரையாக வரும் இதயத் தசை நோயோ மின்னோட்டக் கோளாறோ இருக்கலாம். அப்போது அவருடைய பிள்ளைகளும், உங்கள் அப்பா உட்பட உடன்பிறந்தவர்களும் ஒரு இசிஜி, ஒரு எக்கோ எடுத்து இதய மருத்துவரிடம் காட்ட வேண்டும், குடும்பத்தில் யாராவது இளம் வயதில் காரணம் தெரியாமல் இறந்திருந்தால் அதையும் அவரிடம் சொல்ல வேண்டும். ஆஞ்சியோ செய்துவிட்டார்களா, என்ன வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. ரிப்போர்ட் கையில் இருந்தால் என்ன போட்டிருக்கிறது என்று எழுதுங்கள், அதை வைத்து மேலே சொல்கிறேன்.